கணினிக் குரலிசையில் இறப்பும் இரங்கலும்

கணினிக் குரலிசை என்பது ஒருவர் நேரில் பாடிப் பதிவு செய்யாமல், மென்பொருளின் துணையுடன் உருவாக்கப்படும் பாடற்குரலைக் குறிக்கும். ஜப்பானில் 2000களில் பரவிய வோக்கலாய்டு என்னும் மென்பொருள் இவ்வகையில் புகழ்பெற்றது. அம்மென்பொருளால் உருவான பாடல்களுள் இறப்பு, தனிமை, மறதி, மனச்சோர்வு ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டவை தனித்ததொரு பிரிவாகக் கருதப்படுகின்றன. தமிழ்நாட்டில் கணினிக் குரலிசை 2024இல் பரவலாக அறியப்பட்டது. ஆனால் இங்கு அது மறைந்த பாடகர்களின் குரலை மீண்டும் ஒலிக்கச் செய்யும் முறையாகவே திரையிசையில் நுழைந்தது. ஒருபுறம் வாழ்ந்தே இராத குரல் இறப்பைப் பற்றிப் பாடுகிறது. மறுபுறம் இறந்தவரின் குரல் வாழ்வைப் பற்றிப் பாடுகிறது. இவ்விரு போக்குகளையும் அவற்றால் எழுந்த ஒப்புதல் பற்றிய கேள்விகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

கணினி பாடிய முதற் பாடல்களுள் ஒன்று 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. ஜான் கெல்லி, கரோல் லாக்பாம் ஆகியோர் ஐபிஎம் கணினி ஒன்றைக் கொண்டு "டெய்சி பெல்" என்னும் பழைய ஆங்கிலப் பாடலைப் பாடச் செய்தனர். அதற்கான பின்னணி இசையை மேக்ஸ் மாத்யூஸ் கணினியிலேயே அமைத்தார். அறிபுனை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அந்த ஆய்வுக்கூடத்துக்குச் சென்றபோது இதனைக் கேட்டார். இவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர்.

கிளார்க்கும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் இணைந்து எழுதிய "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" திரைப்படம் 1968இல் வெளியானது. அதில் ஹால் 9000 என்னும் கணினியின் நினைவுப் பகுதிகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும்போது, அது அதே பாடலைப் பாடிக்கொண்டே குரல் தாழ்ந்து அடங்குகிறது. தன் முடிவைத் தானே பாடும் இயந்திரம் என்னும் கற்பனை பின்னர் வந்த ஜப்பானியப் பாடல்களிலும் மீண்டும் தோன்றியது.

தொழில்நுட்பம்

கணினிக் குரலிசையில் இரு முறைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

ஒலித்துண்டு இணைப்பு முறை

வோக்கலாய்டின் தொடக்கப் பதிப்புகள் இம்முறையில் அமைந்தவை. குரற்கலைஞர் ஒருவர் ஒரு மொழியின் எழுத்தொலிகளையும், ஓர் ஒலியிலிருந்து மற்றோர் ஒலிக்கு மாறும் இடங்களையும் வெவ்வேறு சுருதிகளில் பாடிப் பதிவு செய்வார். இவை சிறு துண்டுகளாக வெட்டப்பட்டுக் குரற்களஞ்சியமாகத் தொகுக்கப்படும். பயனர் திரையில் சுரங்களைக் கட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு சுரத்தின் கீழும் பாடல் வரியின் அசையை எழுதினால், மென்பொருள் உரிய துண்டுகளை எடுத்து, சுருதியையும் ஒலித்தன்மையையும் சீர்செய்து, தொடர்ச்சியான பாட்டாக இணைத்துத் தரும். நடுக்கம், மூச்சு, அழுத்தம் முதலியவற்றைப் பயனரே கையால் திருத்தலாம்.

இம்முறையில் பாடும் குரலுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை. மனிதர் தொண்டைக்கு எட்டாத உச்சத்திலும், நாவுக்கு இயலாத விரைவிலும் அது பாடும். உணர்ச்சியற்றது என்று குறை கூறப்பட்ட அதன் தட்டையான ஒலியையே சோகப் பாடல்களை இயற்றியோர் ஒரு பண்பாகப் பயன்படுத்தினர்.

குரல் மாற்று முறை

இது செயற்கை நுண்ணறிவைச் சார்ந்தது. ஒரு பாடகரின் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து அவரது குரலின் இயல்புகளைக் கணினி கற்றுக்கொண்டு ஒரு மாதிரியை உருவாக்கும். பின்னர் உயிருடன் உள்ள வேறொருவர் புதிய பாடலைப் பாடிப் பதிவு செய்வார். அப்பதிவின் மெட்டு, தாளம், உச்சரிப்பு, உணர்ச்சி ஆகியன தக்கவைக்கப்பட்டு, குரலின் நிறம் மட்டும் மாதிரிக்கு ஏற்ப மாற்றப்படும். எனவே இம்முறையில் கேட்கப்படும் பாட்டு இருவருடையது எனலாம். பாடும் முறை ஒருவருடையது, குரல் மற்றவருடையது. தமிழ்த் திரையிசையில் மறைந்த பாடகர்களின் குரலைப் பயன்படுத்தப் பெரிதும் உதவியது செயற்கை நுண்ணறிவு சார்ந்த இத்தகைய குரல் மாதிரியே ஆகும்.

ஜப்பானியச் சோகப் பாடல்கள்

தோற்றம்

யமஹா நிறுவனம் 2000இல் எசுப்பானியாவின் பார்சிலோனா நகரிலுள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்துடன் இணைந்து வோக்கலாய்டு ஆய்வைத் தொடங்கியது. ஹிதேக்கி கென்மோச்சி இதற்குத் தலைமை தாங்கினார். முதற் குரல்களான லியோன், லோலா ஆகியவை 2004 சனவரியில் விற்பனைக்கு வந்தன. சப்போரோ நகரைச் சேர்ந்த கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் 2007 ஆகத்து 31 அன்று வெளியிட்ட ஹட்சுனே மிக்கு என்னும் குரலே இம்மென்பொருளைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. சக்கி ஃபுஜித்தா என்னும் குரற்கலைஞரின் ஒலிப்பதிவுகளிலிருந்து இக்குரல் உருவாக்கப்பட்டது. நீலப்பச்சை நிறச் சடைகளை உடைய பதினாறு வயதுப் பெண்ணாக அது வரையப்பட்டது. அதே ஆண்டு திசம்பரில் ககாமினே ரின், ககாமினே லென் என்னும் குரல்களும், 2009 சனவரியில் மெகுரினே லூக்கா என்னும் குரலும் வெளியாயின.

இப்பாடல்களை இயற்றியோரிற் பலர் வீட்டிலிருந்தே இசையமைத்த இளைஞர்கள். தாம் எழுதியதைப் பாடுவதற்குப் பாடகரைத் தேட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாமற்போனது. பிறரிடம் கொடுத்துப் பாடச் சொல்லக் கூச்சப்படும் சொற்களையும் அவர்கள் எழுத முடிந்தது. புனைபெயரில் வெளியிட்டதால் தம் துயரத்தைத் தம் பெயரிற் சொல்ல வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை. இருண்ட பொருள்கள் இவ்வகையில் பெருகியமைக்கு இவை காரணங்களாகக் கூறத்தக்கவை.

பொருள் வகைகள்

இப்பாடல்களை அவற்றின் பொருளைக் கொண்டு பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* இயந்திரத்தின் முடிவு: காஸ்மோ என்னும் புனைபெயருடையவர் இயற்றிய "ஹட்சுனே மிக்குவின் மறைவு" 2007இல் குறும்பாடலாகவும் 2008இல் முழு வடிவிலும் வெளியானது. மறக்கப்பட்டு அழிக்கப்படவுள்ள மென்பொருள் தன் பயனரிடம் விடைபெறுவதாக இது அமைந்துள்ளது. மனிதர் பின்தொடர்ந்து பாட இயலாத அளவுக்குச் சொற்கள் விரைந்து வருவது இதன் சிறப்பு. 2008இல் வெளியான "கொக்கோரோ" (இதயம் என்பது பொருள்) பாடலில், தனிமையான அறிவியலாளர் ஒருவர் செய்த இயந்திரப் பெண், அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பின் இதயம் என்னும் நிரலைப் பெற்று, இன்பதுன்பங்களை உணர்ந்து, அந்தச் சுமையைத் தாங்காமல் நின்றுபோகிறாள்.

* கதைப் பாடல்கள்: மோத்தி என்பவர் 2008இல் வெளியிட்ட "தீமையின் பணியாள்" பாடலில், கொடுங்கோல் அரசியின் இரட்டைச் சகோதரன் அவள் உடையை அணிந்து அவளுக்குப் பதிலாகக் கொலைத் தண்டனையை ஏற்கிறான். ககாமினே லென் இதனைப் பாடுகிறது. அரசியின் பக்கத்தைச் சொல்லும் இணைப்பாடலை ககாமினே ரின் பாடுகிறது.

* அச்சமூட்டும் பாடல்கள்: மச்சிகெரிட்டா என்பவரின் "இருட்காட்டு வட்டரங்கு" (2008) உடல் சிதைந்தோரைக் காட்சிப்பொருளாக வைத்திருக்கும் வட்டரங்கு ஒன்றைப் பாடுகிறது.

* அன்றாடத் துயரம்: வோவாக்கா என்பவரின் "ரோலிங் கேர்ள்" (2010) மீண்டும் மீண்டும் தோற்றும் தொடர்ந்து உருண்டுகொண்டிருக்கும் பெண்ணைப் பற்றியது. கிக்குவோ என்பவர் 2013இல் வெளியிட்ட பாடல், அன்புக்காக ஏங்கி ஏங்கி அதனால் சிதையும் குழந்தையைப் பற்றியது. நெரு என்பவர் அதே ஆண்டில் வெளியிட்ட பாடல் பள்ளிப் படிப்பின் அழுத்தத்தில் தன்னை இழக்கும் மாணவரைப் பற்றியது.

இயற்றியோர்

இவ்வகைப் பாடல்களை இயற்றியோருட் சிலர் பின்னர் தம் சொந்தக் குரலிற் பாடிப் புகழ்பெற்றனர். ஹச்சி என்னும் புனைபெயரில் வோக்கலாய்டுப் பாடல்களை வெளியிட்ட கென்ஷி யோனெசு, 2018இல் வெளியிட்ட "லெமன்" என்னும் பாடல் ஜப்பானில் பெரும் வெற்றி பெற்றது. அதனை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய பாட்டனார் இறந்தார். அந்த இழப்பு பாடலின் போக்கை மாற்றியது.

வோவாக்கா 2019 ஏப்ரல் 5 அன்று தம் 31ஆம் அகவையில் இதயச் செயலிழப்பால் இறந்தார். அவர் உருவாக்கிய பாடல்களை ஹட்சுனே மிக்குவின் குரலில் இன்றும் கேட்கலாம். மென்பொருளின் மறைவைப் பற்றிப் பாடல்கள் எழுதப்பட்ட இத்துறையில், குரல் நிலைத்திருக்க இயற்றியவர் மறைந்தமை கேட்போரால் ஆழ்ந்த துயரத்துடன் நினைவுகூரப்படுகிறது.

ஜப்பானில் மறைந்தோர் குரல்

வோக்கலாய்டு நுட்பம் மறைந்த பாடகர்களுக்கும் பயன்படுத்தப்பட்டது. எக்ஸ் ஜப்பான் இசைக்குழுவின் கிதார் கலைஞர் ஹிதே 1998இல் இறந்தார். அவர் முழுமையாகப் பாடிப் பதிவு செய்யாமல் விட்ட பாடல் ஒன்று, அவரது பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்த ஒலித்துண்டுகளின் துணையுடன் 2014இல் வெளியிடப்பட்டது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஜப்பானின் புகழ்பெற்ற பாடகி மிசோரா ஹிபாரி 1989இல் மறைந்தார். செயற்கை நுண்ணறிவுடன் கூடிய வோக்கலாய்டைக் கொண்டு யமஹா அவர் குரலை மீட்டுருவாக்கியது. "அரெக்கரா" (அதற்குப் பின் என்பது பொருள்) என்னும் புதிய பாடல் 2019 செப்டம்பரில் ஜப்பானியப் பொது ஒலிபரப்பான என்எச்கேயின் நிகழ்ச்சியில் அரங்கேறியது. அதே ஆண்டு திசம்பர் 31 அன்று, நாடெங்கும் பார்க்கப்படும் ஆண்டிறுதி இசை நிகழ்ச்சியிலும் இடம்பெற்றது. பாடலின் நடுவே அப்பாடகியின் குரல் கேட்போரிடம் பேசவும் செய்தது. அவையிலிருந்த இரசிகர்கள் பலர் கண்ணீர் விட்டனர். அதேவேளை, பாடகர் தத்சுரோ யமாஷித்தா 2020 சனவரியில் தம் வானொலி நிகழ்ச்சியில் இதனை இறந்தவரை இழிவுபடுத்தும் செயல் எனக் கண்டித்தார். பாடுவதாவது பொறுக்கத்தக்கது, அவர் சொல்லாத சொற்களை அவர் வாயில் வைப்பது தகாது என்ற கருத்தும் அக்காலத்தில் எழுந்தது.

தமிழ்த் திரையிசை

திமிறி எழுடா

ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த "லால் சலாம்" திரைப்படம் 2024 பெப்ரவரியில் வெளியானது. அதில் இடம்பெற்ற "திமிறி எழுடா" என்னும் பாடலில் மறைந்த பாடகர்களான பம்பா பாக்கியா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் மீட்டுருவாக்கப்பட்டன. டைம்லெஸ் வாய்செக்ஸ் என்னும் நிறுவனம் குரல் மாதிரிகளை உருவாக்கியது.

சாகுல் அமீது 1990களில் "உசிலம்பட்டி பெண்குட்டி", "ராசாத்தி" முதலிய பாடல்களால் அறியப்பட்டவர். சாலை விபத்தொன்றில் இறந்தவர். "ராசாத்தி" பெரிதும் பின்னணிக் கருவிகளின்றிக் குரல்களாலேயே அமைந்த பாடல் என்பது குறிப்பிடத்தக்கது. பம்பா பாக்கியா "சிம்டாங்காரன்", "புள்ளினங்காள்" முதலிய பாடல்களைப் பாடியவர். 2022 செப்டம்பரில் இறந்தவர்.

குரல்களைப் பயன்படுத்தியது பற்றிக் கேள்விகள் எழுந்தபோது, இருவருடைய குடும்பத்தாரிடமும் ஒப்புதல் பெற்றதாகவும், அவர்களுக்கு உரிய ஊதியம் அளித்ததாகவும் ரகுமான் 2024 சனவரியில் அறிவித்தார். முறையாகப் பயன்படுத்தினால் தொழில்நுட்பம் அச்சுறுத்தல் ஆகாது என்பது அவர் கருத்து.

சின்னச் சின்னக் கண்கள்

பாடகி பவதாரிணி 2024 சனவரி 25 அன்று இலங்கையில் புற்றுநோயால் இறந்தார். இவர் இளையராசாவின் மகள். "பாரதி" (2000) திரைப்படத்தின் "மயில் போல பொண்ணு ஒண்ணு" பாடலுக்காகத் தேசிய விருது பெற்றவர். அவருடைய தம்பி யுவன் சங்கர் ராசா "தி கோட்" திரைப்படத்துக்காக அமைத்த "சின்னச் சின்னக் கண்கள்" பாடல் 2024 சூனில் வெளியானது. அதில் நடிகர் விஜயின் குரலுடன் பவதாரிணியின் மீட்டுருவாக்கப்பட்ட குரலும் ஒலிக்கிறது. தமக்கை நலம் பெற்றதும் இப்பாடலை அவரைப் பாடச் செய்ய எண்ணியிருந்ததாக யுவன் தெரிவித்தார்.

குடும்பப் பாசத்தைப் பாடும் இப்பாடலில் இறப்பு பற்றி ஏதும் சொல்லப்படவில்லை. எனினும் பாடுபவர் மறைந்துவிட்டார் என்பதை அறிந்து கேட்போருக்கு அதுவே இரங்கற்பாட்டின் தன்மையை அளித்துவிடுகிறது.

மனசிலாயோ

2024 அக்டோபரில் வெளியான "வேட்டையன்" திரைப்படத்துக்கு அனிருத் இசையமைத்தார். அதன் "மனசிலாயோ" பாடலில் மலேசியா வாசுதேவனின் குரல் மீட்டுருவாக்கப்பட்டது. இவர் 2011 பெப்ரவரியில் இறந்தவர். "பொதுவாக என் மனசு தங்கம்" உட்பட ரஜினிகாந்துக்குப் பல பாடல்களைப் பாடியவர். அவருடைய மகன் யுகேந்திரனும் இப்பாடலின் பாடகர்களுள் ஒருவர். தந்தையின் குரலும் மகனின் குரலும் தந்தை இறந்து 13 ஆண்டுகளுக்குப் பின் ஒரே பாடலில் இணைந்தன. இது கொண்டாட்டமான ஆட்டப் பாடலாகும்.

ஜப்பானியப் பாடல்களுடன் வேறுபாடு

மேற்கண்ட மூன்று தமிழ்ப் பாடல்களும் பொருளளவில் சோகப் பாடல்கள் அல்ல. ஒன்று எழுச்சிப் பாடல், ஒன்று குடும்பப் பாடல், ஒன்று ஆட்டப் பாடல். ஜப்பானிய வோக்கலாய்டுப் பாடல்களில் துயரம் பாடலின் சொற்களில் உள்ளது. அக்குரலுக்கு இழப்பதற்கு உயிர் இல்லை. தமிழ்ப் பாடல்களில் துயரம் சொற்களுக்கு வெளியே, கேட்பவரின் நினைவில் உள்ளது.

குரற்கலைஞரின் ஒப்புதலைப் பொறுத்தும் வேறுபாடு உண்டு. சக்கி ஃபுஜித்தா தம் குரல் மென்பொருளாவதை அறிந்து பாடிக் கொடுத்தார். சாகுல் அமீது பாடிய காலத்தில் இத்தகைய பயன்பாடு எவர் எண்ணத்திலும் இருந்திருக்க இயலாது.

ஒப்புதலும் சட்டமும்

எல்லா நிகழ்வுகளிலும் குடும்பத்தாரின் ஒப்புதல் பெறப்பட்டதில்லை. 2020 செப்டம்பர் 25 அன்று மறைந்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் 2023இல் வெளியான "கீடா கோலா" என்னும் தெலுங்குத் திரைப்படத்தில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிப் பயன்படுத்தப்பட்டது. தம் ஒப்புதல் பெறப்படவில்லை எனக் கூறி, அவருடைய மகன் எஸ். பி. சரண் படக்குழுவினருக்கு 2024இல் சட்ட அறிவிப்பு அனுப்பினார்.

இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம், 1957 நிகழ்த்துகலைஞரின் உரிமைகளைக் காக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இவற்றை விரிவாக்கியது. ஆனால் இவ்வுரிமைகள் ஒருவர் பாடிய நிகழ்த்துகைக்கு உரியவை. அவர் பாடாத பாடலை அவர் குரலில் உருவாக்குவதைப் பற்றி அச்சட்டம் வெளிப்படையாகக் கூறவில்லை.

உயிருடன் உள்ளோரைப் பொறுத்தவரை நீதிமன்றங்கள் பாதுகாப்பு அளித்துள்ளன. நடிகர் ரஜினிகாந்தின் பெயரையும் பேச்சு முறையையும் அவர் ஒப்புதலின்றிப் பயன்படுத்துவதற்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கும் கருவிகளுக்கு எதிராக மும்பை உயர்நீதிமன்றம் 2024 சூலையில் இடைக்காலத் தடை விதித்தது.

இறந்தோரைப் பொறுத்தவரை நிலைமை வேறு. முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய திரைப்படத்துக்கு எதிரான வழக்கில், ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவர் இறப்புடன் முடிவடைகின்றன, அவை வாரிசுகளுக்குச் செல்வதில்லை எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் கூறியது. நடிகர் சுசாந்த் சிங் ராஜ்புத் தொடர்பான வழக்கில் தில்லி உயர்நீதிமன்றமும் 2023இல் இதையொத்த நிலைப்பாட்டை எடுத்தது. இவை குரலைப் பற்றிய வழக்குகள் அல்ல. எனினும் இக்கருத்து குரலுக்கும் பொருந்துமாயின், குடும்பத்தாரிடம் ஒப்புதல் பெறுவது சட்டத்தின் கட்டாயம் என்பதைவிட இசையமைப்பாளர்களின் நேர்மையைச் சார்ந்த வழக்கமாகவே நிற்கும்.

தமிழ் இரங்கல் மரபும் தகடூரும்

தமிழில் இறந்தோரைப் பற்றிப் பாடும் மரபு பழமையானது. தலைவனை இழந்தோர் செயலற்று வருந்திப் பாடுவது கையறுநிலை எனப்படும். புறநானூற்றில் இத்துறையிற் பல பாடல்கள் உள்ளன. இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியவை அவற்றுட் புகழ்பெற்றவை. நாட்டார் வழக்கில் பெண்கள் பாடும் ஒப்பாரியும் இம்மரபைச் சார்ந்ததே. இவை யாவற்றிலும் பாடுபவர் உயிருடன் இருப்பவர். இறந்தவர் கேளாமல் இருப்பவர். கணினிக் குரலிசை இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறது. இங்கு இறந்தவர் பாடுகிறார், இருப்பவர் கேட்கின்றனர்.

இறந்தோருக்கு நடுகல் நட்டு வழிபடும் வழக்கம் தகடூர்ப் பகுதியில் வேரூன்றியிருந்தது. தருமபுரி மாவட்டத்திற் பல நடுகற்கள் கிடைத்துள்ளன. தருமபுரி நகரின் அகழ்வைப்பகத்தில் அவற்றுட் பலவற்றைக் காணலாம். போரில் அல்லது ஆநிரை மீட்பில் இறந்த வீரனின் உருவம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அவன் பெயரும் செயலும் பொறிக்கப்பட்டிருக்கும். இறந்தவரின் உருவத்தை நிலைநிறுத்தி அதன் முன் படையலிடுதல் இதன் நோக்கம்.

ஔவையாரின் பாடல்களுள் ஒன்று (புறநானூறு 232) அத்தகைய படையலைப் பற்றியே வினா எழுப்புகிறது. மலையுடன் கூடிய நாட்டையே பகைவர் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளாத அதியமான், நடுகல்லாகிய பின் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளை ஏற்றுக்கொள்வானா என்பது அதன் பொருள். படைப்போரின் அன்பில் ஐயமில்லை. இறந்தவன் அதனை ஏற்பானா என்பதை அறிய வழியில்லை. குடும்பத்தாரின் ஒப்புதலும் ஊதியமும் இருந்தும், மறைந்த பாடகரின் குரலைப் பயன்படுத்துவதில் எஞ்சி நிற்கும் கேள்வியும் இத்தன்மையதே.

காலவரிசை

* 1961 - பெல் ஆய்வுக்கூடத்தில் கணினி "டெய்சி பெல்" பாடுதல்
* 1968 - "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" திரைப்படம்
* 2004 - வோக்கலாய்டின் முதற் குரல்கள்
* 2007 - ஹட்சுனே மிக்கு
* 2008 - "கொக்கோரோ", "தீமையின் பணியாள்", "ஹட்சுனே மிக்குவின் மறைவு" முழு வடிவம்
* 2014 - ஹிதேயின் குரலில் பாடல்
* 2019 - வோவாக்கா இறப்பு. மிசோரா ஹிபாரியின் குரலில் "அரெக்கரா"
* 2024 - "திமிறி எழுடா", "சின்னச் சின்னக் கண்கள்", "மனசிலாயோ". அரிஜித் சிங் வழக்கில் இடைக்காலத் தடை

இவற்றையும் பார்க்க

* கையறுநிலை
* ஒப்பாரி
* நடுகல்
* அதியமான் நெடுமான் அஞ்சி
* செயற்கை நுண்ணறிவு